வெற்றுக் கோதும் குத்துவிளக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பழைய வீடுகள் சிலவற்றிற் பீரங்கிக் கோதொன்று பூச்சாடியாய் நிற்பதைக் கண்டோர் உளர். புளியிட்டுத் துலக்கிய மெருகினால் அது பொன்போல் ஒளிரும். கவிழ்த்துப் பார்த்தால், அடித்தட்டின் நடுவே ஒரு துளையும், அதனைச் சூழ ஆண்டும் எண்ணும் எழுத்தும் பொறித்த வட்டமும் காணப்படும். வீட்டார் அவ்வெழுத்துக்களைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஆயின், அக்கோது எங்கே பிறந்தது, எத்தனை முறை தீயை உண்டது, எவர் கையாற் சோதிக்கப்பட்டது என்னும் வரலாற்றிற் பெரும்பகுதி அவ்வட்டத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கோதைத் தெரிந்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவது ஒரு தனிக்கலை. படைக்கலச் சாலைகள் அதனை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயின்று வந்துள்ளன. கோட்டையும் துறையும் களஞ்சியமுமாய் வாழ்ந்த நம் மாவட்டத்துக்கு அக்கலை அயலானதன்று. அதனைப் பற்றிப் படிப்பதாற் போரிற் பற்று உண்டாகுமோ என்று அன்பர்கள் ஐயுறவேண்டா. எது மீளப் பயன்படும், எது பயன்படாது, எதனைத் தொடுதலே தகாது என்னும் பகுத்தறிவே இங்கு நாம் கொள்ளவேண்டிய பயன். கடற்கரையிலும் காட்டோரத்திலும் உலோகத் துண்டுகளைப் பொறுக்கும் சிறுவர்களுக்கு அவ்வறிவு உயிர்காப்பாகும்.

சொல்லின் வழியே

முதலிற் சொற்களை ஆராய்வாம். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதை ஈழத்தார் துவக்கு என்பர். இரண்டும் துருக்கிய மொழியில் வேர்கொண்டு, நாடு பல கடந்து வந்து, வேறு வேறு வாயிலால் நம் மொழியுட் புகுந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். பீரங்கி என்பதோ ஐரோப்பியரைக் குறித்த பிறங்கி என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. ஈழத்திற் பறங்கியர் என ஓர் இனத்தாரை அழைக்கின்றோம். அப்பெயரும் பீரங்கியும் உடன்பிறப்புக்கள். தோட்டா என்பதும் வடபுலத்துச் சொல்லே. ஆகவே கருவிகளோடு அவற்றின் பெயர்களும் கப்பலேறி வந்தன என்க.

கோது என்னும் சொல் மட்டும் நமக்கே உரியது. உள்ளீடு நீங்கியபின் எஞ்சுவது கோது. புளியங்கோது, கரும்பின் கோது என்னும் வழக்குக்களை நோக்குக. மருந்தும் குண்டும் போயபின் எஞ்சும் பித்தளைக் கூட்டுக்கு எவரும் கற்பியாமலே நம் மக்கள் அப்பெயரை இட்டனர். பண்டிதர் கூடி ஆக்கும் கலைச்சொல்லிலும் பார்க்க இஃது எத்துணைப் பொருத்தமுடையது!

பித்தளை என்பது மஞ்சள் நிறங்குறித்த வடசொல்லோடு தொடர்புடையது. செம்பும் துத்தநாகமும் கலந்தாற் பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தால் வெண்கலம். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

தாளிலிருந்து பித்தளைக்கு

முற்காலத் தோட்டா வெறுந் தாட்சுருள். மருந்தையும் குண்டையும் தாளிற் பொதிந்து, வீரன் அதன் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, குழாயின் வாய்வழியே இடுவான். அத்தாளிற் பூசப்பட்டது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்று பரவிய செய்தி 1857 ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பதை மாணவரும் அறிவர். வங்காளத்துத் தம்தம் என்னும் ஊரின் படைக்கலச் சாலையில் எழுந்த முணுமுணுப்பு ஒரு பேரரசையே அசைத்தது. ஒரு தோட்டாவின் உறைக்கு வரலாற்றில் இத்துணை இடமுண்டு.

அதன் பின்னர்ப் பத்தாண்டு செல்வதற்குள், ஊலிச்சு அரச ஆய்வுச்சாலையைச் சேர்ந்த பொக்ஸர் என்பார் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உறை அமைத்தார். சினைடர் துவக்குக்கும், 1871 இல் வந்த மாட்டினி ஹென்றித் துவக்குக்கும் அத்தகைய சுருளுறையே வழங்கிற்று. சூடும் மணலும் மிக்க சூடான் நாட்டில், 1885 சனவரி 17 ஆம் நாள் அபு கிலேயாவில் நிகழ்ந்த போரில், அவ்வுறைகள் குழாயினுள் ஒட்டிக்கொண்டமையாற் பிரித்தானியர் பலர் துவக்கு இயங்காது அல்லலுற்றனர். சுருட்டிய தகடு கிழியும். இழுத்துச் செய்த ஒரே துண்டுப் பித்தளை கிழியாது. இப்பாடத்தைக் கற்றபின், 1888 இல் வந்த பொயின்ற் 303 துவக்குக்கு இழுத்துச் செய்த பித்தளைக் கோதே அமைந்தது. இலங்கைப் பொலிசாரும் படையினரும் நெடுங்காலம் ஏந்தியதும் அந்த 303 தான்.

ஒரே கோதில் மூன்று இயல்பு

கோதுக்குரிய பித்தளை நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கொண்டது. முதலில் நாணயம்போன்ற வட்டத்தகடு ஒன்றை வெட்டுவர். அதனை அழுத்திக் கிண்ணமாக்குவர். பின்னர்ப் பன்முறை இழுத்து நீட்டுவர். பித்தளையை அடித்தாலும் இழுத்தாலும் அது இறுகும். இறுகியதை மேலும் இழுத்தால் வெடிக்கும். ஆதலின் ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே அதனைச் சூடேற்றி மென்மையாக்குவர். அடுப்பிற் காய்ச்சி, அடித்து, மறுபடியும் காய்ச்சும் நம் கன்னாரின் தொழில்முறையே இங்கும் பெரிய பொறிகளால் நடைபெறுகின்றது.

முடிந்த கோதில் அடிப்புறம் வன்மையாயிருத்தல் வேண்டும். அதுவே வெடியின் முழு அழுத்தத்தையும் தாங்கும். நடுவுடல் வளைந்துகொடுக்கும் இயல்பு பெறல்வேண்டும். வாய்ப்புறமோ மென்மையாயிருத்தல் வேண்டும். ஒரே உலோகத் துண்டில் இம்மூன்று இயல்பையும் படிப்படியாக அமைப்பதே தொழில்நுட்பம்.

மருந்து பற்றியெரியும் கணத்திற் கோது விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டி, ஆவி பின்னோக்கி வாராமல் அடைக்கின்றது. அழுத்தம் தணிந்ததும் சிறிது சுருங்கிச் சுவரை விட்டு நீங்குகின்றது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். இரும்பு இவ்வளவு எளிதில் மீள்வதில்லை. செம்பு மீளும் வலியற்றது. பித்தளை இரண்டுக்கும் இடைப்பட்டது. எனினும் ஒவ்வொரு முறை சுடப்படும்போதும் அது பழைய அளவுக்கு முற்றாக மீள்வதில்லை. சிறிது பருத்தும், சிறிது நீண்டும், சிறிது இறுகியும் வெளிவருகின்றது. மீண்டும் பயன்படுத்த விரும்புவோரின் கவலையெல்லாம் இந்தச் ‘சிறிது’ பற்றியதே.

களஞ்சியத்தின் தேர்வு

திருகோணமலையில் நின்ற போர்க்கப்பல்களின் பெரும்பீரங்கிகள் பலவற்றுக்குப் பித்தளைக் கோது இல்லை. அவற்றின் மருந்து பட்டுத்துணிப் பையிற் பொதியப்பட்டது. விரைந்து சுடும் நடுத்தரப் பீரங்கிகளும், 40 மில்லிமீற்றர்ப் போபர்ஸ் முதலிய விமான எதிர்ப்புப் பீரங்கிகளுமே கோதுகளைக் குவித்தன. 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் சப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில், துறைமுகத்தை விட்டு முதல் நாள் இரவே புறப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கிற்று. அன்று வானை நோக்கிச் சுட்ட பீரங்கிகளின் அருகே கோதுகள் எத்தன்மையாய்க் குவிந்திருக்கும் என்பதை வாசகர் தாமே எண்ணிக்கொள்ளலாம்.

போரின் நெருக்கத்தில் வழுக்கும் கோதுகளைத் தளத்திலிருந்து கடலில் தள்ளுவதும் உண்டு. பயிற்சிக்காலத்திலோ அவற்றை எண்ணி ஒப்படைத்தல் முறை. செம்பு அரிதான பொருள். போர்க்காலத்தில் மேலும் அரிது. செருமானியர் செம்புத் தட்டுப்பாட்டினால் உருக்குக் கோதுகள் செய்யத் துணிந்ததும் இதனாலேயே.

ஒப்படைத்த கோதுகளைத் தரம்பிரிப்போர் முதலிற் கழுவுவர். கரியும் கறையும் நீங்கினாலன்றிக் குற்றம் தெரியாது. பின்னர்க் கண்ணாலும் விரலாலும் அளவுக்கருவியாலும் ஆராய்வர். அவர்கள் தேடும் குற்றங்களைச் சுருங்கக் கூறுவாம்.

வாய்ப்புறத்தில் நீளவாட்டாக மயிரிழைபோன்ற வெடிப்பு உண்டா என்று பார்ப்பர். பன்முறை விரிந்து சுருங்கி இறுகிய பித்தளை அங்கேதான் முதலிற் கிழியும். இறுக்கம் மட்டுமே குற்றமாயின் வாய்ப்புறத்தைச் சூடேற்றி மென்மையாக்கிக் கோதைக் காப்பாற்றலாம்; வெடிப்புத் தோன்றியபின் காப்பாற்ற முடியாது. அடிப்புறத்துக்குச் சற்று மேலே, உடலைச் சுற்றி வளையம்போல் ஒளிர்ந்த கோடு ஒன்று தோன்றினால் அது இன்னும் கொடிய குறி. கோது நீண்டு நீண்டு அவ்விடத்தில் உட்சுவர் மெலிந்துவிட்டது என்பது அதன் பொருள். அடுத்த முறை சுட்டால் அடி வேறு, உடல் வேறாகப் பிரியக்கூடும். பொறிமருந்து இருக்கும் குழி தளர்ந்திருப்பின் அதுவும் கழிவே. நசுக்கமும் அரிப்பும் தம் அளவுக்கேற்ப மன்னிக்கப்படும். கீறல் ஆழமாயின் மன்னிப்பில்லை.

கண்ணுக்குத் தெரியாத குற்றமும் ஒன்றுண்டு. பழைய பொறிமருந்துகளிற் பாதரசம் கலந்திருந்தது. சுடும்போது வெளிப்படும் பாதரசம் பித்தளையுட் புகுந்து அதனை நொறுங்கும் இயல்பினதாக்கும். வெளியே மாசற்றுத் தோன்றும் கோது அகத்தே உளுத்துப்போயிருக்கும். ஆதலால் எந்தப் பொறிமருந்தோடு சுடப்பட்டது என்னும் வரலாறு தெரியாத கோதை, அழகாயிருக்கின்றது என்பதற்காக ஏற்றுக்கொள்வதில்லை.

தேறிய கோதை அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புதிய பொறிமருந்து இட்டு, மீண்டும் நிரப்பினர். எத்தனை முறை நிரப்பப்பட்டது என்பதைக் காட்டும் குறிகளையும் அடித்தட்டிற் பொறித்தனர். பூச்சாடியின் அடியிற் காணும் எழுத்துக்களுட் சில இவையே. பள்ளிக்கூடத்தார் மாணவனுக்கு வகுப்பேற்றச் சான்று எழுதுவதுபோல, அக்கோதின் தேர்ச்சிகள் யாவும் அதன் உடலிலேயே எழுதப்பட்டன.

துவக்குத் தோட்டாவின் நிலை வேறு. பிரித்தானியப் படையினர் பீரங்கிக் கோதை மீள நிரப்பினரேயன்றி, 303 போன்ற சிறு கோதுகளைப் பெரும்பாலும் உலோகமாகவே திரும்பப் பெற்றனர். இதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. ஆங்கிலேயரான பொக்ஸர் அமைத்த பொறிமருந்துக் கிண்ணத்தை ஒரு கம்பியால் எளிதில் தள்ளி எடுக்கலாம். அமெரிக்கரான பேர்டன் அமைத்ததை அங்ஙனம் எடுத்தல் அரிது. ஆங்கிலப் படை அமெரிக்கர் முறையைக் கைக்கொண்டது. அமெரிக்கரோ ஆங்கிலேயர் முறையைக் கைக்கொண்டனர். இன்று அமெரிக்க நாட்டிற் கோதுகளை மீள நிரப்பி இலக்குப் பயிலும் வழக்கம் பரவியிருப்பதற்கு இந்த மாற்றமும் ஒரு துணை.

மாரிக்காலம் புகட்டிய பாடம்

பித்தளைக் கோதைப் பற்றி உலகம் கற்ற பெரிய பாடமொன்று நம் மாரிக்காலம் புகட்டியது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர், மழைக்காலத்திற் போர்ச்செயல் ஓய்ந்திருக்கும்போது தோட்டாக்களைக் குதிரை இலாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை நின்றபின் எடுத்துப் பார்த்தபோது, ஒரு முறையேனும் சுடப்படாத கோதுகள் வெடித்திருந்தன. காலத்தால் நேர்ந்தது என்று எண்ணிப் பருவவெடிப்பு எனப் பெயரிட்டனர்.

உண்மை 1921 இலேதான் தெளிவாயிற்று. மூர், பெக்கின்சேல், மலின்சன் என்னும் மூவர் அதனை விளக்கினர். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா என்னும் நவச்சார ஆவி ஈரத்தோடு கூடிப் பித்தளையைத் தாக்கிற்று. எல்லாப் பித்தளையும் வெடிக்கவில்லை. இழுத்துச் செய்தபோது உண்டான இறுக்கத்தை உள்ளே அடக்கி வைத்திருந்த கோதுகளே வெடித்தன. உள்ளே இறுக்கம், வெளியே நச்சாவி. இரண்டும் சேர்ந்தபோதே அழிவு. செய்து முடிந்தபின் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசுக்கு மெல்லச் சூடேற்றினால் அகத்திறுக்கம் தணியும், வன்மை கெடாது என்று கண்டனர். இன்றும் பித்தளைப் பொருள் செய்வோர் கைக்கொள்ளும் முறை அது.

வடகீழ்ப் பருவக்காற்றின் ஈரத்தில் வாழும் திருகோணமலையார் இதிலிருந்து ஒன்று கற்கலாம். பித்தளைப் பொருளை மாட்டுக்கொட்டிலின் அருகிலும் எருக்குவியலின் அருகிலும் அடுக்கி வைத்தல் தகாது. நவச்சாரமோ இருமுகம் உடையது. பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது அதே நவச்சாரத்தைத் தூவியே உலோகத்தைத் தூய்மை செய்து ஈயத்தைப் பற்றச் செய்கின்றோம். அளவும் இடமும் அறிந்தால் மருந்து, அறியாவிடின் நஞ்சு.

கடல் புகட்டிய பாடம்

ஒருமுறை வகுப்பறையில் மாணவனொருவன் கடற்கரையிற் கண்டெடுத்த சிறு வெற்றுக் கோதொன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தான். அது பித்தளைபோல் மஞ்சளாயில்லை, செங்கல்போற் சிவந்திருந்தது. “ஐயா, இது செம்புத் தோட்டாவோ?” என்று வினவினான். இரு விரலால் அழுத்தியபோது அதன் விளிம்பு உதிர்ந்தது. வகுப்பிலிருந்தோர் யாவரும் வியந்தனர்.

அது செம்பாற் செய்ததன்று. கடல்நீரில் நெடுங்காலம் கிடந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து நீங்கிவிடும். செம்பு மட்டும் பஞ்சுபோற் புழைபட்டு எஞ்சும். உருவம் மாறாது, வலிமை மட்டும் ஒழிந்துபோம். கப்பற்றொழிலார் இதனை நன்கறிவர். ஆதலின் கப்பலின் குழாய்களுக்கு வழங்கும் பித்தளையில் நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து, அதற்கு அட்மிரல்றிப் பித்தளை எனப் பெயரிட்டனர். கோதுக்குரிய பித்தளையில் அக்காப்பு இல்லை. கடலிலிருந்து எடுத்த கோது எவ்வளவு முழுமையாய்த் தோன்றினும் மீள நிரப்புதற்கு உதவாது.

இதனோடு ஒப்பிடத்தக்க செய்தியொன்று நம் ஊரிலேயே உண்டு. போர்த்துக்கீசர் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களாற் கோட்டை கட்டினர். அக்காலத்தில் மண்ணுட் புதைக்கப்பட்டனவெனக் கருதப்படும் திருமேனிகள் சில 1950 இற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. மூன்று நூற்றாண்டுக்கு மேலாக மண்ணிற் கிடந்தும் அவை அழியவில்லை. 1963 இல் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. வெள்ளீயம் கலந்த வெண்கலத்தின் உறுதியையும், துத்தநாகம் கலந்த பித்தளையின் மென்மையையும் இவ்விரு காட்சிகளால் அறிக. கலப்பு எதுவோ அதற்கேற்பவே ஆயுள் அமையும்.

உழவரின் துவக்கு

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பகுதிகளில் உழவர் காட்டுப்பன்றியிடமிருந்து வேளாண்மையைக் காக்க உரிமம் பெற்ற துவக்கு வைத்திருத்தல் வழக்கம். அத்துவக்குகளின் தோட்டாவுக்குத் தாளுறையே பழைய வழக்கு. ஈரமிக்க வெப்பநாடுகளில் தாள் ஊறிப் பருத்துக் குழாயினுள் இறங்காது. ஆதலின் இங்கிலாந்தின் கைனொக் முதலிய தொழிற்சாலையார் மெல்லிய முழுப் பித்தளைக் கோதுகளையும் செய்து விற்றனர். பன்முறை நிரப்பத்தக்கன என்பதும் அவற்றின் சிறப்பு. பின்னாளிற் பிளாத்திக் உறை வந்து இரண்டையும் ஒதுக்கிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் இலங்கையில் இவ்விடயங்களைக் கட்டுப்படுத்துகின்றன. உரிமமின்றி வெடிமருந்து வைத்திருத்தலும் தோட்டா நிரப்புதலும் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, அறியாதவன் கையில் நிரம்பிய தோட்டா எதிரே நிற்பவனிலும் பார்க்கத் துவக்கைப் பிடித்தவனுக்கே அதிகக் கேடு செய்யும். மெலிந்த கோது பின்னோக்கி வெடிக்கும்போது முதலில் அழிவது சுடுவோனின் கண்.

கன்னாரின் பட்டறையில்

தேர்விற் தேறாத கோது வீணாவதில்லை. அது கன்னாரிடம் போகும். செம்பும் பித்தளையும் வெண்கலமும் தொழிலாகக் கொண்ட கன்னார் ஒருகால் எத்துணைச் சிறப்புற்றிருந்தனர் என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டி என்னும் பெயரே சான்று. பழம்பித்தளையை உருக்கிச் செம்பும் குத்துவிளக்கும் மூக்குப்பேணியும் ஆக்கினர். சொண்டு வைத்த மூக்குப்பேணியால், வாய் படாது அண்ணாந்து நீர் பருகிய பழக்கம் ஈழத்தார்க்கே உரிய அழகிய வழக்கம்.

கோதுப் பித்தளை தூய்மையான கலப்பாதலின் கன்னார்க்கு உகந்தது. எனினும் உருக்குதலில் இரண்டு இடர் உண்டு. துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அதனால் உலையிலிருந்து வெண்புகை எழும். பித்தளை சிறிது சிறிதாகச் சிவக்கும். புகையைச் சுவாசித்தவர்க்குக் குளிரும் காய்ச்சலும் காணும். ஆதலின் காற்றோட்டமான பட்டறை வேண்டும். இரண்டாவது இடர் பொறிமருந்தின் எச்சம். ஈயமும் பாதரசமும் அதில் தங்கியிருத்தல் கூடும். அத்தகைய பித்தளை விளக்குக்கும் மணிக்கும் ஆகும், உண்கலத்துக்கு ஆகாது. எந்தப் பித்தளைக் கலமாயினும் புளிப்புப் பண்டம் வைப்பதற்கு வெள்ளீயம் பூசியிருத்தல் வேண்டும். வெள்ளீயத்துக்கு உரிய கலாய் என்னும் அரபுவழிச் சொல், கலா என்னும் மலாயத் துறைமுகத்தின் பெயரால் வந்தது என்றும், அதுவே நம் கடாரம் என்றும் அறிஞர் பலர் கொள்வர். அடுக்களைப் பாத்திரத்தின் பூச்சிலும் பழைய கடல்வாணிகத்தின் சுவடு இருக்கின்றது!

ஐரோப்பாவில் இரு பெரும் போர்களிலும் ஆலய மணிகளைக் கழற்றி உருக்கிப் படைக்கலம் செய்தனர். அதற்கு மாறாக, இத்தாலியின் றொவெறெற்றோ நகரத்தார், முதலாம் உலகப்போரிற் பங்குகொண்ட நாடுகளின் பீரங்கி வெண்கலத்தைத் திரட்டி 1924 இல் ஒரு பெருமணி வார்த்தனர். இறந்தோரை நினைந்து அது நாள்தோறும் மாலையில் ஒலிக்கின்றது. உலோகத்துக்கு நன்மை தீமை இல்லை. மணியைப் பீரங்கியாக்குவதும் பீரங்கியை மணியாக்குவதும் மனிதன் கருத்தே.

தொடத்தகாதது

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையானதைக் கூறவேண்டும். பிரித்தானியர் 1957 இல் திருகோணமலைக் கடற்படைத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். 1942 ஆம் ஆண்டுத் தாக்குதலிற் கேடுற்று, பின்னர்த் துறைமுகத்துள் மூழ்கிய சகாயின் என்னும் கப்பலை இலங்கைக் கடற்படையினர் 2018 இலேதான் மேலே கொணர்ந்தனர். பல்லாண்டு கழிந்தும் கடல் தன் வயிற்றிலுள்ளதை வைத்திருக்கும் என்பதற்கு அதுவே சான்று. அதற்குப் பின்வந்த உள்நாட்டுப் போரோ 2009 வரை நீடித்து, நம் வயலிலும் காட்டிலும் தன் மிச்சங்களை விட்டுச் சென்றது.

வெற்றுக் கோதுக்கும் வெடியாத குண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் துருவேறியபின் கண்ணால் அறிதல் அரிது. பழையதாயின் வலி குன்றியிருக்கும் என்பது பெரும்பிழை. உலோகம் அரிக்கப்பட்டாலும் உள்ளிருக்கும் மருந்து இறவாதிருக்கும். சில வேளைகளில் முன்னினும் எளிதில் வெடிக்கும் நிலையை அடையும். பழைய குண்டுகளை உடைத்து மருந்தெடுத்து மீன்பிடிக்க முயல்வோர் கையிழந்ததும் உயிரிழந்ததும் உண்டு. வெடி வைத்து மீன்பிடித்தலை 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் தடைசெய்கின்றது. குஞ்சும் முட்டையும் பவளப்பாறையும் ஒருங்கே அழிவதால், அவ்வழியிற் பிடிப்பவன் தன் மகனுக்குரிய மீனையும் இன்றே கொன்றுவிடுகின்றான்.

ஆதலின் ஆசிரியரும் பெற்றோரும் சிறுவர்க்கு இதனைத் திரும்பத் திரும்பக் கூறுதல் கடன். தரையிலோ கடற்கரையிலோ ஐயத்துக்கிடமான உலோகப் பொருளைக் கண்டால் தொடவேண்டா, எடுக்கவேண்டா, கல்லாலும் எறியவேண்டா. வந்த வழியே திரும்பி, இடத்தை நினைவில் வைத்து, 119 என்னும் எண்ணில் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். பழைய இரும்பு வாங்குவோரும், சிறுவர் கொணரும் தோட்டாவையும் குண்டையும் விலைக்கு வாங்குதலை அறவே விடுதல் வேண்டும். வாங்குவோர் இல்லையாயின் பொறுக்குவோரும் இரார்.

களஞ்சியத்தில் நாள்தோறும் கோது தெரிந்தவர்கள் அதனைக் கழுவினர், அளந்தனர், அதன் வரலாற்றைக் கேட்டனர், ஐயமுற்றதைத் தள்ளினர். ஒளியைக் கண்டு மயங்காமையே அவர்தம் தொழிலின் முதல் விதி. பயிற்சியும் கருவியும் உடைய அவர்களுக்கே அத்துணை ஐயம் வேண்டியிருந்ததென்றால், வெறுங்கையும் ஆவலும் மட்டுமே உடைய பத்து வயதுச் சிறுவனுக்கு எத்துணை வேண்டும்! இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் இன்று மாலை விளக்கேற்றும் வேளையில் தம் பிள்ளைகளை அருகழைத்து இவ்வொன்றையேனும் சொல்லி வைப்பாராக.